மீனில்லாத குளத்தில் தூண்டில்

சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவில், மரங்களுக்கு நடுவே மூன்று சிமெண்ட் குளங்கள் இருக்கின்றன. 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் வேலையிழந்தவர்களுக்குப் பிழைப்புக் கொடுக்க அமெரிக்க அரசு எடுத்த பொதுப்பணிகளில் இவையும் சேர்த்தி. கரையில் நிற்பவர்கள் தூண்டில் கம்பை வீச, தூண்டில் கயிறான லைன் தலைக்கு மேல் முன்னும் பின்னும் பறந்து, தண்ணீரில் மிதக்கும் வளையத்தைக் குறிவைத்து இறங்குகிறது. குளத்தில் மீன் கிடையாது. தூண்டிலில் முள்ளும் கிடையாது. நுனியில் கட்டியிருப்பது கம்பளி நூல் துண்டு. தூண்டில் வீச்சில் உலகப் பட்டங்களைத் திரும்பத் திரும்ப வென்ற ஸ்டீவ் ராஜெஃப் சிறுவனாக வீசிப் பழகிய இடம் இது.

ஃப்ளை ஃபிஷிங் கற்க ஆசைப்படுகிறவர் முதலில் போக வேண்டியது இப்படி ஓர் இடத்துக்கு. பெரும்பாலோர் முதலில் போவது கடைக்கு.

சாதாரணத் தூண்டிலில் நாம் எறிவது ஈயக் குண்டையும் புழுவையும். நரம்பு அதன் பின்னால் இழுபட்டுப் போகும். ஃப்ளை ஃபிஷிங்கில் நுனியில் இருப்பது, இறகும் நூலும் சுற்றிப் பூச்சி போலச் செய்த ஒரு சின்ன முள். கையால் எறிந்தால் காலடியிலேயே விழும் அளவுக்கு லேசு. அதனால் எடையை லைனில் வைத்துவிட்டார்கள். பிளாஸ்டிக் பூசிய அந்தத் தடித்த லைனைத்தான் வீசுகிறார்கள். பூச்சி அதன் வாலைப் பிடித்துக்கொண்டு கூடவே போகிறது.

இது பிடிபட்டால் கடையில் பாதிக் குழப்பம் தீரும். கம்பின் மேல் எழுதியிருக்கும் எண் அதன் தரத்தையோ விலையையோ சொல்வதல்ல, அது எந்த எடை லைனுக்கான கம்பு என்பதைச் சொல்வது. லைனின் முதல் 30 அடி எவ்வளவு கனம் என்பதே கணக்கு. 5-ஆம் எண் லைனில் அந்த 30 அடி 140 கிரெய்ன், அதாவது சுமார் 9 கிராம். அந்தக் கனத்துக்கு அளவாக வளையும் கம்பு 5-ஆம் எண் கம்பு. ட்ரவுட் மீன் பிடிக்கத் தொடங்குபவருக்கு 9 அடி நீளத்தில் 5-ஆம் எண் என்பது ஏறக்குறைய எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவு. சிற்றோடைக்கு 3 போதும். கடல் மீனுக்கு 8 அல்லது அதற்கு மேல் வேண்டும்.

பணத்தை எதில் போடுவது? ரீலில் வேண்டாம். ட்ரவுட் ஆற்றில் அது பெரும்பாலும் லைனைச் சுற்றி வைக்கும் உருளைதான்; மீனைக்கூடப் பலர் லைனைக் கையால் இழுத்தே கரை சேர்க்கிறார்கள். கஞ்சத்தனம் கூடாதது லைனில். மட்டமான லைன் ரீலிலிருந்து சுருள் சுருளாக வந்து, வழுக்காமல் கம்பின் வளையங்களில் உரசும். கம்பு விஷயத்தில் நடப்பதோ வேடிக்கை. 19-ஆம் நூற்றாண்டில் ஆறு மூங்கில் பட்டைகளை ஒட்டிக் கம்பு செய்தார்கள். அமெரிக்கப் பட்டறைகளுக்கு அந்த மூங்கில் கல்கத்தாவிலிருந்து கப்பலேறியது, பிறகு சீனாவிலிருந்து. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஃபைபர்கிளாஸ், 1970-களில் கிராஃபைட். இன்று ஆயிரம் டாலர் கொடுத்தால் இறகு போல லேசான, விறைப்பான கம்பு கிடைக்கும். ஆனால் அந்த விறைப்பு தேர்ந்த கைக்குத்தான் வளைந்து கொடுக்கும். புதியவருக்கு வேண்டியது நடுப்பகுதி வரை வளைந்து, லைன் இழுப்பதைக் கையில் உணரவைக்கும் நடுத்தர விலைக் கம்பு.

வீச்சின் சூட்சுமம் நிறுத்துவதில் இருக்கிறது. கம்பை மெதுவாகத் தொடங்கி, வேகம் கூட்டி, சட்டென்று நிறுத்த வேண்டும். நிறுத்திய கணத்தில் வளைந்த கம்பு நிமிர்ந்து லைனை உதறுகிறது. பின்வீச்சில் லைன் முதுகுக்குப் பின்னால் நீளும்வரை பொறுக்கவும் வேண்டும். கண்ணுக்குத் தெரியாததற்காகக் காத்திருக்க யாருக்கும் பிடிப்பதில்லை. அவசரப்பட்டால் சாட்டை போல் 'படீர்' என்று கேட்கும், பூச்சி அறுந்து போயிருக்கும். மான்டானாவில் வாழ்ந்த பாதிரியார் ஒருவர் தம் மகன்களுக்கு மெட்ரோனோம் வைத்துத் தாளக் கணக்கில் வீசக் கற்றுக்கொடுத்தார் என்று அவர் மகன் நார்மன் மக்லீன் 1976-இல் எழுதினார். லைனையும் பூச்சியையும் இணைக்கும் மெல்லிய நரம்பான லீடரில் முடிச்சு விழுந்தால் காற்றைத் திட்டுவது வழக்கம். குற்றவாளி பெரும்பாலும் கம்பை முரட்டுத்தனமாகத் தள்ளிய கைதான்.

பலம் தேவை என்பவர்கள் ஜோன் வுல்ஃபைப் பார்க்கலாம். நடனம் கற்றுக்கொடுத்த அவர், 1951-இல் எதிரில் ஆண்களே நின்ற தொலைவீச்சுப் போட்டியில் தேசியப் பட்டம் வென்றார். 1960-இல் 161 அடி வீசினார். வீச்சைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பெயரிட்டு, கணவர் லீ வுல்ஃபுடன் 1979-இல் நியூயார்க் மாநிலத்தின் காட்ஸ்கில் மலையில் பள்ளியும் தொடங்கினார். அத்தனை தூரம் மீன் பிடிக்க அவசியமில்லை. ட்ரவுட் பெரும்பாலும் 40 அடிக்குள்ளேயே சிக்கும். அந்த 40 அடிக்குள் நினைத்த இடத்தில் பூச்சியை மெத்தென்று இறக்குவதுதான் பாடு.

வாங்கப் போகிறீர்கள் என்றால் கடைக்காரரிடம் லைன் கோத்த கம்பைக் கேட்டு, வெளியே புல்தரையில் வீசிப் பாருங்கள். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். வீசிப் பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள்.