லாரி நின்ற ஊர், ஷிப்ட் பஸ் நிற்கும் ஊர்

ஆந்திர எல்லை ஊரான தடாவில் கடை வைத்திருப்பவர் இரண்டு மாநிலங்களின் அரசாணைகளையும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். சென்னையில் ஒரு வரி குறைந்தாலும் அமராவதியில் ஒரு வரி ஏறினாலும் அந்த வாரமே எங்கள் கல்லாவில் தெரிந்துவிடும். ஆந்திரத்தில் டீசல் விலை தமிழ்நாட்டைவிட அதிகம். அதனால் வடக்கே போகும் லாரிகள் கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம் பக்கமே டேங்கை நிரப்பிக்கொண்டு வருகின்றன. லாரி எங்கே டீசல் போடுகிறதோ அங்கேதான் டிரைவர் டீ குடிப்பார், டயரைத் தட்டிப் பார்ப்பார், சாப்பிடுவார். லிட்டருக்குச் சில ரூபாய் வித்தியாசம் ஒரு சாலையோரக் கடைத்தெருவையே எல்லையின் அந்தப் பக்கம் நகர்த்திவிடும்.

என் அப்பா இங்கே ஹைவேயில் மெஸ் நடத்தினார், அவருக்குப் பிறகு நான் நடத்துகிறேன். ஊரின் பொருளாதாரம் எனக்குப் புத்தகத்தில் வரவில்லை. எந்த வேளைக்கு எத்தனை இலை போகிறது, யார் சாப்பிடுகிறார்கள், கடன் எந்தத் தேதியில் அடைகிறது என்ற கணக்கில்தான் வந்தது.

இந்த எல்லை பழங்காலத்து எல்லை அல்ல. பக்கத்துச் சத்தியவேடு வட்டாரக் கிராமங்கள் ஒருகாலத்தில் செங்கல்பட்டு மாவட்டத்தின் பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்களில் இருந்தவை. எல்லைத் தகராறைத் தீர்க்க வந்த படாஸ்கர் பரிந்துரையின்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போனபோது இவை ஆந்திரத்துக்கு வந்தன. பெண் கொடுப்பதும் எடுப்பதும் இன்றும் இரண்டு பக்கமும்தான். வீட்டில் தமிழும் கடைவீதியில் தெலுங்கும் பேசுகிறோம். மக்களை அந்தக் கோடு பிரிக்கவில்லை, சரக்கைப் பிரித்தது. அந்தப் பிரிவில்தான் எங்கள் குடும்பம் பல வருஷம் பிழைத்தது.

பி.வி.பாளையம் செக்போஸ்ட்டைத் தாண்டாமல் அப்போது எந்தச் சரக்கு லாரியும் போக முடியாது. பில், டிரான்சிட் பாஸ், முத்திரை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜன்னல். வரிசை நீண்டுவிட்டால் இரவு முழுக்க வண்டி அங்கேயே கிடக்கும். கல்கத்தாவிலிருந்து வருபவரும் விஜயவாடாவுக்குப் போகிறவரும் எங்கள் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நடுராத்திரியிலும் தோசைக்கல் காயும். ஜெராக்ஸ் கடை, பில் போட்டுக் கொடுக்கும் ஏஜெண்ட், பழுது பார்க்கும் மெக்கானிக், எல்லாருக்கும் அந்த வரிசைதான் சோறு போட்டது.

2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தது. வணிகவரிச் சாவடிகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. அடுத்த வருஷம் ஏப்ரலில் மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு இ-வே பில் வந்ததும் காகிதமெல்லாம் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. லாரிகள் எங்களைத் தாண்டிப் பறந்தன. இரவுச் சமையல்காரரை நிறுத்த வேண்டியதாயிற்று. எனக்கு அது பெரிய துக்கம். அந்த நாட்களில் பழைய வாடிக்கையாளரான ஒரு டிரைவர் வேண்டுமென்றே வண்டியை ஓரம்கட்டி வந்து சாப்பிட்டார். "நீங்களாவது நின்னீங்களே அண்ணே" என்றேன். "உனக்குக் கஷ்டம்தான் தம்பி. ஆனா நான் இப்பல்லாம் ஒரு நாள் முன்னாடியே வீட்டுக்குப் போயிடறேன்" என்றார்.

அந்தப் பேச்சு எனக்குள் தங்கிவிட்டது. எங்களுக்கு வருமானமாக இருந்தது அவருக்குப் பறிபோன இரவு. சரக்கின் முதலாளிக்கு அது முடங்கிய பணம், காய்கறி என்றால் வாடல். அடுத்தவர் தாமதத்தில் பிழைக்கும் ஊருக்கு அந்தப் பிழைப்பின் மேல் உரிமை கிடையாது. யாரோ ஒருநாள் தாமதத்தைச் சரிசெய்வார்கள், சரிசெய்யத்தான் வேண்டும். இது நான் கற்ற முதல் பாடம்.

எங்களைக் காப்பாற்றியது மேற்கே வளர்ந்துகொண்டிருந்த ஸ்ரீசிட்டி. சத்தியவேடு, வரதையபாளையம் மண்டலங்களில் 2008இல் தொடங்கப்பட்ட தொழில் நகரம் அது. சென்னை கைக்கெட்டும் தூரம். எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்கள் தெற்கே, கிருஷ்ணபட்டினம் வடக்கே. ஏற்றுமதிக்கென்று சிறப்புப் பொருளாதார மண்டலம் ஒரு பக்கம், உள்நாட்டு விற்பனைக்கான பகுதி இன்னொரு பக்கம். சென்னையின் துறைமுகமும் விமான நிலையமும் வேண்டும், ஆந்திர அரசின் சலுகைகளும் வேண்டும் என்ற கம்பெனிகளுக்கு இந்த இடம் பொருந்தியது. 2015இல் ஃபாக்ஸ்கான் இங்கே ஷியோமி போன்களைத் தயாரிக்கத் தொடங்கியது. 2016இல் இசுசு வண்டிகளும் கேட்பரி சாக்லேட்டும் வந்தன. பிறகு டைகின், புளூ ஸ்டார் என்று ஏசி தொழிற்சாலைகள். 2025 மே மாதம் எல்ஜி அடிக்கல் நாட்டியது.

செல்போன் வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலானோர் கிராமத்துப் பெண்கள். ஹைவே மெஸ்ஸில் லாரிக்காரர்களுக்கு நடுவே அவர்கள் உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள். இதை முதலில் புரிந்துகொண்டவள் என் மனைவி. ஹாஸ்டல்களுக்குப் போய் வார்டன்களிடம் பேசி மாதக் கணக்கில் கேரியர் சாப்பாடு பிடித்தாள். பரோட்டா குறைந்து பப்புவும் ரசமும் கோங்குராவும் கூடின. நடுராத்திரி அடுப்பு விடியற்காலை அடுப்பாயிற்று. முதல் ஷிப்ட் பஸ் கிளம்புவதற்குள் டிபன் டப்பா தயாராக வேண்டும். ஒடிசா, பீகார் பையன்களுக்காகச் சப்பாத்தியும் உருளைக்கிழங்கும் சேர்ந்தன.

ஆனால் இவ்வளவு கம்பெனி வந்தும் ஊர் அதற்கேற்ற அளவு செழிக்கவில்லை. மாலையில் பஸ்கள் சூலூர்பேட்டைக்கும் நாயுடுபேட்டைக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் போகின்றன. மேல்நிலை அதிகாரிகள் காரில் சென்னைக்குப் போகிறார்கள். அவர்கள் வாடகை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் அங்கேதான். ஹாஸ்டல் பெண்கள் சம்பளம் வந்த அன்றே பெரும்பகுதியை ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். பொருள் இங்கே உருவாகிறது. பணம் இங்கே ஓரிரவுகூடத் தங்குவதில்லை.

இப்படித் தங்காத வாழ்க்கையின் பலவீனம் 2020இல் வெளிப்பட்டது. மார்ச் ஊரடங்கில் எல்லையை அடைத்தார்கள். மே மாத வெயிலில் சென்னைப் பக்கமிருந்து வடமாநிலத் தொழிலாளர்கள் மூட்டையோடு இதே ஹைவேயில் வடக்கே நடந்தார்கள். சமைத்து வைத்துக் கொடுத்தோம். ஹாஸ்டல்கள் காலியாயின, மாதக் கணக்கு நோட்டும் நின்றுபோயிற்று. திரும்பி வந்த பெண்கள் பழைய பாக்கியை அவர்களாகவே கொடுத்தார்கள். அந்த நேர்மையை நான் மறக்க மாட்டேன். ஆனால் இங்கே அவர்களுக்கு வேலை மட்டும் இருந்தது, வீடு இல்லை. வீடில்லாதவர்கள் ஆபத்தில் வேறெங்கே போவார்கள்? ஒரு வாரத்தில் ஊரின் வியாபாரமும் அவர்களோடு போய்விட்டது.

ஏசி தொழிற்சாலைகள் வந்தபிறகு இன்னொன்றும் பார்க்கிறேன். கோடைக்கு முன் உற்பத்தி உச்சத்தில் இருக்கும்போது ஒப்பந்த ஆட்களை நிறைய எடுக்கிறார்கள். சீசன் முடிந்ததும் குறைக்கிறார்கள். எனக்கு வரும் கேரியர் எண்ணிக்கையும் அதோடு ஏறி இறங்குகிறது. நிரந்தர வேலையில் இருப்பவர் மூன்று மாதத்துக்கு முன்பணம் கட்டுகிறார், நாத்தனார் கல்யாணத்துக்குச் சீட்டுப் போடுகிறார். ஒப்பந்தத்தில் இருப்பவர் அடுத்த வாரத்தைக்கூடச் சொல்லத் தயங்குகிறார். ஒரே யூனிபார்ம், ஆனால் ஊருக்கு இருவரும் தரும் பலம் வேறு.

இப்போது யாராவது தடாவில் கடை போடலாமா என்று கேட்டால், எத்தனை கம்பெனி வருகிறது என்று எண்ணாதீர்கள் என்கிறேன். அங்கே வேலை செய்பவர்களில் எத்தனை பேர் இரவு இங்கே தூங்குகிறார்கள், எத்தனை பேருக்கு வேலை நிரந்தரம், எத்தனை பிள்ளைகள் இங்கே பள்ளிக்குப் போகிறார்கள் என்று விசாரிக்கச் சொல்கிறேன். அரசுக்கும் கம்பெனிகளுக்கும் என் கோரிக்கையும் இதுதான். நிலமும் தண்ணீரும் மின்சாரமும் கொடுத்துத் தொழிற்சாலையை அழைத்து வந்தோம். அதே அக்கறையோடு தொழிலாளர் வாடகைக்கு எடுக்கக்கூடிய வீடுகளையும், பெண்களுக்குக் குடும்பத்தோடு தங்கும் குடியிருப்பையும், நல்ல பள்ளியையும், பிரசவம் பார்க்க நம்பிக்கையான ஆஸ்பத்திரியையும் கட்ட வேண்டும். பழவேற்காடு ஏரியில் மீன் குறைந்து தவிக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு வாசல் காவலைத் தாண்டிய வேலைகளுக்கான பயிற்சி தர வேண்டும். செக்போஸ்ட்டை ஒரு சட்டத்தால் எடுத்துவிட முடிந்தது. வீடும் பள்ளியும் பெற்று இங்கே வேரூன்றிய குடும்பங்களை அப்படி எடுக்க முடியாது. ஊரைத் தாங்கப்போவது அவர்கள்தான்.