தாய்மாமனின் டால்ஃபின்

டால்ஃபின் என்ற காரைச் சாலையில் பார்த்தவர்கள் இன்று நாற்பது வயதுக்கு உட்பட்டோரில் மிகச் சிலரே இருப்பர். பெங்களூரைச் சேர்ந்த சிபானி நிறுவனம் 1980-களின் தொடக்கத்தில் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பிரிட்டனின் ரிலையன்ட் நிறுவனம் 1975-இல் வெளியிட்ட கிட்டன் என்ற சிறுகார்தான் அதன் மூலம். இரண்டு கதவுகள், 848 சிசி கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் அலுமினிய என்ஜின், இரும்புச் சேஸிஸ், அதன்மேல் பொருத்திய ஃபைபர்கிளாஸ் உடல். தகட்டை அழுத்தி வடிவமைக்கும் பெரிய எந்திரங்களுக்கு முதலிடும் வசதியில்லாத நிறுவனத்துக்கு ஃபைபர்கிளாஸ் ஒரு வழியைத் திறந்துவிட்டது. அச்சு ஒன்று போதும். அதில் கண்ணாடி இழைப் பாயை விரித்து, ரெசின் பூசி, உலரவிட்டுக் கழற்றினால் காரின் உடல் தயாராகிவிடும். ஆனால் 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. முன் இருக்கையை மடக்கிப் பாட்டியைப் பின்னால் ஏற்ற வேண்டிய இரண்டு கதவுக் காரை இந்தியக் குடும்பங்கள் விரும்பவில்லை. எடை குறைவு என்ற காரணத்தால் ராலிப் பந்தயக்காரர்கள் மட்டும் சில காலம் டால்ஃபினைக் கொண்டாடினர். பிறகு உற்பத்தி நின்றது.

அத்தகைய கார் ஒன்று, 1984-இல் வாங்கப்பட்டது, ஜெயநகரில் ஒரு பழைய வீட்டின் ஓரத்தில் தார்ப்பாய்க்கு அடியில் நின்றிருந்தது. அதன் உரிமையாளருக்கு வயது எழுபத்தொன்பது. பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டை இடித்து அடுக்ககம் கட்ட ஒப்பந்தம் ஆகிவிட்டது. அவர் குடிபோகவிருந்த மகனின் அடுக்ககத்தில் ஒரு கார் நிறுத்தத்தான் இடம் உண்டு; அதில் மகனின் கார் நிற்கிறது. மாத இறுதிக்குள் டால்ஃபின் எங்கேனும் போயாக வேண்டும். தங்கையின் மகனை அழைத்து, "நீ எடுத்துக்கொள்கிறாயா?" என்று கேட்டார். அந்த மருமகனுக்கு நாற்பத்தாறு வயது, கல்லூரி ஆசிரியர். விலை என்னவென்று கேட்டதற்கு, "உனக்குத் தோன்றியதைக் கொடு" என்றார் மாமா.

உறவுக்குள் சொல்லப்படும் விலைகளில் இதைவிடக் கடினமானது வேறில்லை. குறைத்துக் கொடுத்தால் முதியவரை ஏய்த்ததாகும்; கூட்டிக் கொடுத்தால் இரக்கம் காட்டியதாகும். சந்தையைக் கேட்கலாம் என்றால் டால்ஃபினுக்குச் சந்தை என்று ஒன்று இல்லை. பழைய இரும்புக்காரர் சேஸிஸ், என்ஜின், சக்கரங்கள் ஆகியவற்றுக்கு மட்டும் விலை சொன்னார். ஃபைபர்கிளாஸை இரும்பைப் போல உருக்கி மறுவார்ப்புச் செய்ய முடியாது. எதைப் பார்த்து "இது மாமாவின் கார்" என்று குடும்பம் அடையாளம் கண்டுவந்ததோ அந்த உடலுக்கு எடைக்கடையில் மதிப்பே இல்லை. மருமகன் மறுத்தால் இரும்பு மட்டும் பிரித்தெடுக்கப்படும். உடல் துண்டாக்கப்பட்டு, இடிக்கப்பட்ட வீட்டின் செங்கல் குவியலோடு போய்ச் சேரும்.

அவர் ஒரு மெக்கானிக்கை அழைத்துச் சென்றார். துருப் பிடிக்காத கார் என்று ஃபைபர்கிளாஸைப் புகழ்வது பாதி உண்மைதான். உடல் துருப்பிடிக்காததால் அடியில் இருக்கும் துரு கண்ணுக்குத் தெரியாமல் வளர்கிறது. கதவுக் கீல்களைச் சுற்றி மேற்பூச்சில் சிலந்தி வலை போன்ற விரிசல்கள் ஓடியிருந்தன. மெக்கானிக் ஒரு நாணயத்தால் உடலெங்கும் தட்டிக்கொண்டே வந்தார். கணீரென்று கேட்ட இடங்களில் இழை அடுக்குகள் ஒட்டியிருந்தன. மந்தமாகக் கேட்ட இரண்டு இடங்களில் பிரிந்திருந்தன. அவற்றைச் சரிவாகத் தேய்த்தெடுத்துப் புதிய இழைப்பாயும் ரெசினும் வைத்து மூடிவிடலாம். பின்பு காரின் அடியில் படுத்து, திருப்புளி முனையால் சேஸிஸைக் குத்திப் பார்த்தார். மூன்று இடங்களில் முனை உள்ளே இறங்கியது. பற்றவைக்க வேண்டும். விளக்குகள் விட்டுவிட்டு எரிந்ததற்கு அவர் சொன்ன காரணம் எளிமையானது. இரும்புக் காரில் உடலே மின்சாரம் திரும்பும் பாதை. ஃபைபர்கிளாஸ் மின்சாரத்தைக் கடத்தாது. ஒவ்வொரு விளக்கிலிருந்தும் சேஸிஸுக்குத் தனி எர்த் கம்பி வர வேண்டும். நாற்பதாண்டுகளில் அந்த இணைப்புகள் பச்சை படிந்து கெட்டிருந்தன.

இவையெல்லாம் பணத்தால் தீரக்கூடியவை. தீராத சிக்கல் முன்மூடியைத் திறந்தபோது தெரிந்தது. மருமகனுக்கு அது புதிய செய்தியும் அல்ல. உள்ளே இருந்தது டால்ஃபினின் என்ஜின் அல்ல, மாருதி ஆம்னி வேனின் மூன்று சிலிண்டர் என்ஜின்.

1996-இல் பழைய என்ஜின் சூடேறிச் சூடேறி ஹெட் கேஸ்கட் போனது. அலுமினிய என்ஜின்கள் குளிர்நீர் குறைவதைப் பொறுத்துக்கொள்வதில்லை. உதிரிபாகம் கிடைக்கவில்லை. மாருதி 800-இன் என்ஜின் குறுக்கே அமர்ந்து முன்சக்கரங்களைச் சுழற்றுவது. டால்ஃபினோ பின்சக்கரங்களால் ஓடும் கார். அதே 796 சிசி என்ஜின் ஆம்னியில் நெடுக்காக அமர்ந்து பின்சக்கரங்களை இயக்குகிறது என்பதைக் கண்டு, சிவாஜிநகரின் பழைய உதிரிபாகக் கடைகளில் அலைந்து ஒன்றை வாங்கி, தாங்கிகளைத் தாமே வரைந்து, லேத் பட்டறையில் கடைந்து, நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பொருத்திவிட்டார் மாமா. டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு அருகில் நின்ற பதினேழு வயதுப் பையன்தான் இன்றைய கல்லூரி ஆசிரியர். அவர் அறிந்த வரையில் மாமா தம் வாழ்நாளில் மிகவும் மகிழ்ந்திருந்தது அந்த நான்காம் ஞாயிறு மாலைதான்.

ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் இருப்பது பழைய என்ஜினின் எண். முந்தைய புதுப்பித்தல்களின்போது யாரும் குனிந்து பார்க்கவில்லை. கடைசியாக 2019-இல் பெற்ற ஐந்தாண்டுப் புதுப்பித்தல் 2024-இல் முடிந்துவிட்டது. 2025 ஆகஸ்டில் இருபது ஆண்டு கடந்த கார்களுக்கான புதுப்பிப்புக் கட்டணம் 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது, அது பெரிதல்ல. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுதான் பெரிது. தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைக்கக் கூடாது என்கிறது அது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. பழம்பெரும் வாகனங்களுக்கென 2021-இல் வந்த விதிகளும் கைகொடுக்கவில்லை. அவை ஐம்பது வயது நிறைந்தவற்றுக்கு மட்டுமே பொருந்தும். இந்தக் கார் 2034 வரை காத்திருக்க வேண்டும். அப்போதும் என்ஜினிலோ உடலிலோ பெரிய மாற்றம் செய்யப்பட்டிருக்கக் கூடாது. மாறுபட்ட என்ஜினோடு சாலையில் இறங்கி யாரையேனும் இடித்துவிட்டால், காப்பீட்டு நிறுவனம் கைகழுவுவதற்கு அந்த ஓர் எண் போதும்.

ஆகவே மருமகனின் முன் நின்ற கேள்வி, வாங்குவதா வேண்டாமா என்பது மட்டுமன்று. காரைச் சட்டத்தின் கண்ணில் மீட்க வேண்டுமானால் மாமாவின் கைவேலையைக் கழற்றி எறிய வேண்டும். கைவேலையைக் காப்பாற்ற வேண்டுமானால் கார் சாலைக்கு வரவே கூடாது. எதை நேசித்து அவர் இந்தக் காரை வாங்க எண்ணினாரோ அதை அழித்தால்தான் அவரால் இதை ஓட்ட முடியும்.

வீட்டில் அவருடைய மனைவி, செலவைப் பற்றியோ நிறுத்தும் இடத்தைப் பற்றியோ பேசவில்லை. "வாங்கியபின் இதை விற்க நமக்கு உரிமை உண்டா?" என்று மட்டும் கேட்டார். அவர் விடை சொல்லவில்லை. விற்க முடியாத பொருளை வாங்குவது கொள்முதல் அல்ல, காவல் வேலை. காவலுக்கு ஒப்புக்கொள்வதும் நல்ல காரியமாக இருக்கலாம். ஆனால் அதற்குக் கொள்முதல் என்று பெயர் சூட்டிவிட்டால், ஒவ்வொரு கீறலுக்கும் பதில் சொல்லும் கடன் சத்தமின்றி வந்து சேர்ந்துவிடும். ஞாயிறுதோறும் மாமா வந்து முன்மூடியைத் திறப்பார். மருமகன் தம் சொந்த வாசலில் டார்ச் பிடிக்கும் பையனாகவே நிற்பார்.

இரண்டு நாள் கழித்து அவர் ஜெயநகருக்குச் சென்று இரண்டையும் நேரில் கேட்டார். முதலில் என்ஜின். ஆம்னியின் என்ஜினை எடுத்தால்தான் காரை வாங்க முடியும் என்று சொல்லிவிட்டு, வசவுக்குத் தயாராக இருந்தார். மாமா எழுந்து மாடிப்படிக்கு அடியில் இருந்த தட்டுமுட்டுச் சாமான்களை விலக்கினார். கோணியும் மெழுகுத்துணியும் சுற்றிய பழைய என்ஜின் அங்கே இருந்தது. இருபத்தொன்பது ஆண்டுகளாகச் சில மாதங்களுக்கு ஒருமுறை ஸ்பார்க் பிளக் துளைகளில் சிறிது எண்ணெய் விட்டு, பிஸ்டன்கள் இறுகிவிடாதபடி கையால் சுழற்றி வைத்திருக்கிறார். வீட்டில் யாருக்கும் தெரியாது. அந்த 848 சிசி என்ஜின் பிரிட்டனில் ராபின் என்ற மூன்று சக்கரக் கார்களில் 2000-களின் தொடக்கம் வரை பயன்பட்டது. எனவே 1996-இல் பெங்களூரில் கிடைக்காத கேஸ்கட்டை இன்று கணினியிலிருந்தே அங்கிருந்து வரவழைக்கலாம். அதையும் மாமா முன்னரே விசாரித்து, ஒரு நாட்குறிப்பில் எழுதி வைத்திருந்தார்.

"அப்படியானால் நீங்களே மாற்றியிருக்கலாமே, மாமா?"

"ஆம்னி என்ஜின் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஓடுவதை எப்படிக் கழற்றுவது?"

இரண்டாவது கேள்வியைக் கேட்க அவருக்கு நேரம் பிடித்தது. பின்னாளில் விற்க நேர்ந்தால் என்ன என்று கேட்டார். மாமா நெடுநேரம் தார்ப்பாயின் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"விற்றுக்கொள். என்னிடம் மட்டும் சொல்லாதே."

அந்த விடைக்குப் பின்தான் அது விற்பனையாயிற்று. பழுதுகளுக்கும் பழைய என்ஜினைப் பொருத்துவதற்கும் மெக்கானிக் ஒரு லட்சத்து எண்பதாயிரம் ஆகும் என்றிருந்தார். மருமகன் அந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டி, காருக்கு அறுபதாயிரம் தருவதாகச் சொன்னார். மாமா கணக்கை வரி வரியாகப் பார்த்து, எர்த் கம்பிகளுக்குப் போட்ட கூலி அதிகம் என்று ஒரு திருத்தம் மட்டும் செய்தார். முதலில் பழைய என்ஜின் ஏறும். பின்பு மாமாவின் பெயரிலேயே பதிவு புதுப்பிக்கப்படும். அதன்பிறகு படிவம் 29-லும் 30-லும் கையெழுத்தாகும். அதுவரை கார் மெக்கானிக்கின் கொட்டகையில் நிற்கும். ஆம்னியின் என்ஜினை நினைவுப் பொருளாக வைத்துக்கொள்ளலாமே என்றார் மருமகன். எதற்கு, சிவாஜிநகரில் யாருக்காவது உதவும் என்றார் மாமா.

உறவுக்குள் ரசீது கேட்பதை அவமதிப்பாகக் கருதும் குடும்பம் அது. அன்று யாரும் கேட்காமலே மாமா ஒரு தாளை எடுத்து, சேஸிஸ் எண்ணையும் பழைய என்ஜினின் எண்ணையும் புத்தகத்தைப் பார்க்காமலே எழுதி, அறுபதாயிரம் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்.