சேத்துப் பாட்டு

வலங்கைமான் பக்கம் எங்க தெருவுல கலாபவன் மணியை 'ஜெமினி' வில்லனாகத்தான் தெரியும். 2002இல் படம் வந்தப்போ பையன்களெல்லாம் அவரைப்போல மிருகக் குரல் எழுப்பித் திரிந்தார்கள். சாலக்குடியில் புலையர் வீட்டுப் பிள்ளை, அப்பா வயல்கூலி, மணி ஆட்டோ ஓட்டியவர் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மிமிக்ரி, சினிமா, டிவி என்று வளர்ந்தார். 'வாசந்தியும் லட்சுமியும் பின்னே ஞானும்' (1999) படத்தில் பார்வையற்ற பாடகனாக நடித்துத் தேசிய விருதில் சிறப்புக் குறிப்பு பெற்றார். அப்போதும் சேத்துப் பாட்டை விடவில்லை. கேசட்டில் போட்டார், மேடையேறிப் பாடினார்.

எங்கம்மா நடவில் பாடுவாள். கரையேறினால் வாய் திறக்க மாட்டாள். 'கூலிக்காரி பாட்டை எவன்டா கேப்பான்?' என்பாள். மணி பாடியதைக் கேட்க மலையாள தேசமே இருந்தது. 2016 மார்ச் 6இல் மணி இறந்தார். அவர் பாட்டு இருக்கு. நம்ம அம்மாக்களின் பாட்டை நாமதான் பதியணும்.