ஒன்பது ரூபாய் வித்தியாசம்

புதுச்சேரியில் நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில், பெருக்கல் கணக்கு முடிந்ததும் ஓரத்தில் ஒரு பெரிய பெருக்கல் குறி போட வேண்டும். அதன் நான்கு மூலைகளிலும் நான்கு எண்கள். 'ப்ரெவ் பார் நெஃப்' என்பார் முசியே. ஒன்பதால் சரிபார்ப்பது. என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும்.

ஓய்வு பெற்ற பிறகு பிரெஞ்சுக் கணித வரலாறு படிப்பது எனக்குப் பொழுதுபோக்கு. அதில் ஓர் எண் என்னைப் பிடித்துக்கொண்டது. அறுபத்தேழு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது:

147 573 952 589 676 412 927

மரேன் மெர்சேன் என்ற பாரிஸ் துறவி, 1644-இல் வெளியிட்ட பட்டியலில் இதைப் பகா எண் என்று சொல்லிவிட்டார். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் யாராலும் மறுக்க முடியவில்லை. 1876-இல் எதுவார் லுய்க்கா என்ற பிரெஞ்சுக்காரர், வகுத்துப் பார்க்காமலேயே வேறு வழியில் இது பகு எண்தான் என்று நிரூபித்தார். ஆனால் எந்த எண்ணால் வகுபடும் என்பதை அவர் முறை சொல்லவில்லை. தப்பு இருக்கிறது, எங்கே என்று தெரியாது. குமாஸ்தாவாக இருந்தவர்களுக்கு இந்த வேதனை புரியும்.

1883-இல் 61 இரண்டுகளுக்கான எண் பகா எண் என்று ஒரு ரஷ்யர் காட்டினார். அது மெர்சேன் பட்டியலில் இல்லை. 61 என்பதுதான் 67 என்று தவறாக அச்சாகிவிட்டதோ என்று சிலர் கருதியதுண்டு.

1903 அக்டோபரில் நியூயார்க்கில் நடந்த கணிதச் சங்கக் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் என்ற பேராசிரியர் விடையை வைத்தார்:

193 707 721 × 761 838 257 287

பேசாமல் கரும்பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டு உட்கார்ந்தாராம். எவ்வளவு காலம் ஆயிற்று என்று கேட்டதற்கு, மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம்.

பென்சில் எடுத்து நீங்களும் பாருங்கள். முதல் எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 37, மறுபடி கூட்டினால் 10, பிறகு 1. இரண்டாவது 64, அதுவும் 1-இல் முடியும். ஒன்றை ஒன்றால் பெருக்கினால் 1. விடையின் இலக்கங்கள் 109, அதுவும் 1. நான்கு மூலையிலும் ஒன்று. முசியே பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

ஆனால் இந்தச் சோதனைக்கு ஓர் ஓட்டை உண்டு. 67-ஐ 76 என்று இடம் மாற்றி எழுதினால் இலக்கங்களின் கூட்டுத்தொகை மாறாது. சோதனை சரி என்றே சொல்லும்.

அதுதான் எனக்கு நடந்தது. ஒரு வருட முடிவில் எங்கள் பிரிவுக் கணக்கில் ஒன்பது ரூபாய் இடித்தது. என் பக்கங்களை ஒன்பதால் சரிபார்த்துவிட்டு, "என் கணக்கில் தப்பில்லை, உன்னுடையதைப் பார்" என்று எனக்குக் கீழே இருந்த பையனிடம் எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். வித்தியாசம் ஒன்பது என்றால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம் என்பது எனக்குத் தெரியாததல்ல. கர்வம் கண்ணை மறைத்தது.

அவன் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆபீசுக்கு வந்து ரசீதுகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டான். திங்கட்கிழமை என் மேசையில் என் பேரேடு திறந்திருந்தது. என் கையெழுத்தில் 76. அதன் கீழே பென்சிலால் ஒரு புள்ளி. வாய் திறந்து அவன் எதுவும் சொல்லவில்லை. நானும் திருத்திவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன்.

கோலைப் பற்றிப் படித்த அன்று அவர் நினைவு வந்தது. அவரும் இப்போது தாத்தா. போனில் கூப்பிட்டு, நாற்பது வருடம் தாமதமாக மன்னிப்புக் கேட்டேன். மறந்திருப்பார் என்று நினைத்தேன்.

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "ஒன்பது ரூபா, சார்," என்றார்.