நாட்டாமை என்றொரு சொல்

சில ஆண்டுகளுக்கு முன்னர், உயர்தர வகுப்பு முதலாம் ஆண்டு மாணவர்க்கு ‘உழைப்பின் உயர்வு’ என்னும் தலைப்பிலே கட்டுரை எழுதப் பணித்தோம். நாற்பது கொப்பிகளையும் வெள்ளவத்தையில் நாம் குடியிருக்கும் அறைக்குச் சுமந்து வந்து, காலி வீதியின் இரைச்சல் சற்று அடங்கிய பின்னர் திருத்த அமர்ந்தோம். பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. ஆன்றோர் வாக்கொன்றிலே தொடங்கி, எறும்பையும் தேனீயையும் எடுத்துக்காட்டி, நாமும் உழைத்து நாட்டை உயர்த்துவோமாக என்று முடிவன.

கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் மாணவி ஒருத்தியின் கட்டுரை மாத்திரம் வேறு விதமாகத் தொடங்கியது. ‘எங்கள் அப்பா புறக்கோட்டையில் நாட்டாமை. விடியக்காலை நாலு மணிக்கே போவாங்க.’ நாம் தயங்கவில்லை. ‘நாட்டாமை என்பது ஊர்த் தலைவனைக் குறிக்கும், பொருட்பிழை’ என்று ஓரத்தில் எழுதினோம். ‘போவாங்க’ என்பதைச் சிவப்பு மையால் வெட்டினோம். அந்த ஒரு கட்டுரையில் 14 இடங்களில் வட்டமிட்டோம்.

மறுநாள் அவள் எமது மேசையருகே வந்து நின்றாள்.

“சேர், எங்கப்பாவ எல்லாரும் நாட்டாமைன்னு தானே கூப்பிடுறாங்க. வேற என்னான்னு எழுதுறது?”

“சுமை தூக்கும் தொழிலாளி என்று எழுது” என்றோம்.

“சரி, சேர்” என்று கொப்பியை வாங்கிக்கொண்டு போனாள்.

பிழை எம்முடையதே. புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களில் மூட்டை சுமப்போரையும் கைவண்டி இழுப்போரையும் கொழும்புத் தமிழர் நாட்டாமை என்றே அழைப்பர். சிங்களத்திலும் அவர்களுக்கு ‘நாட்டாமி’ என்றே பெயர். ஊர்த் தலைவனுக்குரிய சொல்லொன்று, இந்நகரின் கடைத்தெருவிலே, ஊரார் பாரத்தைத் தோளில் ஏற்றுபவனுக்குப் பெயராகியிருக்கிறது. எந்தக் கடையில் அரிசி வாங்கினாலும் அந்த மூட்டையைச் சுமந்தவனை இச்சொல்லாற்றான் இந்நகர் அறியும். அதனை அறியாதவர் வகுப்பறையில் நாம் ஒருவரே. உழைப்பின் உயர்வைப் பற்றி எழுதச் சொல்லிவிட்டு, உழைப்பவனின் பெயரையே வெட்டியிருந்தோம்.

அடுத்த கிழமை அவள் கொடுத்த கட்டுரையில் ஒரு பிழையும் இல்லை. ஆன்றோர் வாக்கு இருந்தது, எறும்பு இருந்தது, தேனீயும் இருந்தது. கடையில் விற்கும் மாதிரிக் கட்டுரை நூலொன்றிலிருந்து எடுத்தது அது. முன்னையதைவிட அதற்கு அதிக புள்ளி வழங்கவேண்டியவர்களானோம். ஒரு மாணவி எழுதுவதை நிறுத்திக்கொண்டாள் என்பதையும், நிறுத்தியமைக்கு நாமே பரிசளித்தோம் என்பதையும் அப்போதுதான் உணர்ந்தோம்.

பழைய கொப்பிகளைப் புரட்டிப் பார்த்தபோது மேலும் ஓர் உண்மை வெளிப்பட்டது. வெள்ளவத்தை மாணவர் ‘கதைத்தார்கள்’ என்று எழுதிய இடங்களில் நாம் ஒருபோதும் வட்டமிட்டதில்லை. அது வடக்கிலே பிறந்த எமது வீட்டுச் சொல். ஆதலின் அது எமக்குத் தமிழாகவே பட்டது. கொட்டாஞ்சேனையின் சொல் மாத்திரமே கொச்சையாகப் பட்டது. இலக்கணத்தின் பெயரால் நாம் காத்து நின்றது எமது ஊரையும் எமது வகுப்பையுமேயன்றி மொழியையன்று.

இதனைப் பல்கலைக்கழகத்திலே தமிழ் கற்ற நாம் அறியாதிருந்தது பெருங் குறை. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை சாசனத் தமிழை ஆராய்ந்து லண்டனிலே கலாநிதிப் பட்டம் பெற்றவர். அவரே யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழில் நாடகங்கள் எழுதி, கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரி மாணவரைக்கொண்டு மேடையேற்றினார். அவற்றுள் நான்கு 1940 இல் ‘நானாடகம்’ என நூலாயின. ஆழ்ந்த புலமையும் மக்கள் பேச்சும் ஒருவரிடத்தே பகையின்றி வாழ்ந்தன. பின்னர் 1960களின் தொடக்கத்தில், முற்போக்கு எழுத்தாளர் கையாண்ட மக்கள் வழக்கைப் பண்டிதர் சிலர் ‘இழிசனர் வழக்கு’ என்று ஒதுக்கியபோது மூண்ட மரபுப் போராட்டத்தை நாம் பரீட்சைக்காகப் படித்தோம்; முற்போக்கின் பக்கமே நின்று விடையும் எழுதினோம். எனினும், சிவப்புப் பேனாவைக் கையிலெடுத்த அன்று நாம் பண்டிதரின் பக்கத்திலேயே நின்றோம்.

இக்குறை எம்மவர்க்கு மாத்திரம் உரியதன்று. நியூயோர்க் நகரப் பல்கலைக்கழகம் 1970 இல் அந்நகரின் உயர்நிலைப் பள்ளிகளிற் தேறிய எவருக்கும் தன் கதவைத் திறந்தது. கறுப்பின மக்களின் பிள்ளைகளும், போட்டோ ரிக்கோவிலிருந்து வந்தோரின் பிள்ளைகளும், ஏழைத் தொழிலாளரின் பிள்ளைகளும் முதலாண்டு வகுப்புகளை நிறைத்தனர். அவர்களுடைய எழுத்தைக் கண்டு, இவர்களைத் திருத்தவே இயலாது என்று கைவிரித்தோர் பலர். அங்கே கற்பித்த மினா ஷோனசி என்னும் ஆசிரியை, ஏறத்தாழ 4,000 மாணவர் கட்டுரைகளை ஒவ்வொரு பிழையாக ஆராய்ந்து 1977 இல் ஒரு நூல் வெளியிட்டார். பிழைகள் மூடத்தனத்தின் விளைவல்ல. அவற்றுக்குள்ளே ஓர் ஒழுங்கும் காரணமும் உண்டு. எழுதிப் பழக வாய்ப்பில்லாதவன் பிழைக்கு அஞ்சி இன்னுங் குறைவாகவே எழுதுகிறான் என்பன அவர் கண்ட முடிபுகள்.

நாமும் முறையை மாற்றினோம். கிழமைக்கொரு கட்டுரை என்றிருந்ததை மூன்று கிழமைக்கொன்றாக்கி, ஒரே கட்டுரையை மூன்று முறை எழுதச் செய்தோம். முதற்படியிலே சிவப்பு மை இல்லை. பென்சிலால் இரண்டு மூன்று கேள்விகள் மாத்திரம் எழுதுவோம்: இது எங்கே நடந்தது? நீ கண்டதா, கேட்டதா? இரண்டாம் படியை இருவர் இருவராக அமர்ந்து ஒருவர்க்கொருவர் உரக்க வாசிப்பர். கேட்பவருக்கு விளங்காத இடத்தை எழுதியவர் திருத்துவார். மூன்றாம் படியிலேதான் எழுத்துப்பிழையும் சந்தியும் வாக்கிய அமைப்பும். நேரம் போதாது என்பது உண்மையே. பாடத்திட்டத்தை முடிக்கவில்லையென்று மேலிடத்திலிருந்து கண்டனமும் வந்தது. ஆனால் மாதிரிக் கட்டுரை நூலிலிருந்து எடுத்தவர்க்கு எமது கேள்விகளுக்கு விடையில்லை. சில மாதங்களில் எறும்பும் தேனீயும் கட்டுரைகளிலிருந்து மெல்ல விடைபெற்றன.

அம்மாணவி உடனே திரும்பி வரவில்லை. ‘பழைய கட்டுரையில் நாம் தவறாகத் திருத்திவிட்டோம்; அதனை மீண்டும் எழுதித் தருவாயா?’ என்று வகுப்பினர் முன்னிலையிற் கேட்டோம். இரண்டு தவணை கழித்தே தந்தாள். முதற்படி அரைப் பக்கம்; மூன்றாம் படி நான்கு பக்கம். மழையில் வெங்காய மூட்டை நனைந்து கனத்தால் கூலி கூடுவதில்லை என்று எழுதியிருந்தாள். தந்தையின் வலத் தோளிலே தடித்துப்போன தோலைத் தாய் எண்ணெயிட்டுத் தேய்ப்பதை எழுதியிருந்தாள். ‘தலைவனுக்குரிய பெயரை என் தந்தைக்குக் கொடுத்த இந்த நகரம், தலைவனுக்குரிய மரியாதையை ஏன் கொடுக்கவில்லை?’ என்று முடித்திருந்தாள். அவ்வாக்கியத்திலே சந்திப்பிழை இல்லை. அதனை எந்த நூலிலிருந்தும் எடுக்கவுமில்லை. அவள் அதனை வாசித்தபோது வெள்ளவத்தை மாணவனொருவன் எழுந்து, தன் தந்தையின் கடைக்கு மூட்டை கொண்டுவருபவரின் பெயர் தனக்குத் தெரியாது என்றான்.

இலக்கணம் வேண்டாம் என்பது எமது வாதமன்று. பரீட்சைத் தாளிலே ‘போவாங்க’ என்று எழுதினால் புள்ளி குறையும் என்பதை அவளுக்கு மறைத்தோமில்லை. செந்தமிழ் நடை வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு மாத்திரம் உரிய சொத்தன்று. தொழிலாளியின் மகளுக்கும் அதன்மீது முழு உரிமை உண்டு. 1945 இல் இந்நாட்டில் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி அவளை வகுப்பறை வரை கொண்டுவந்து விட்டது. அங்கே அவளுக்குச் செந்தமிழைக் கொடுப்பது எமது கடமை. அதற்கு விலையாக அவளுடைய தந்தையின் பெயரைக் கேட்பதற்கு எமக்கு உரிமையில்லை.

ஆசிரிய நண்பர்களே, இன்றிரவும் உங்கள் மேசையிலே கொப்பிகள் அடுக்கப்பட்டிருக்கும். அறியாத சொல்லொன்று எதிர்ப்படும்போது வட்டமிடுமுன் அந்தப் பிள்ளையை ஒரு வார்த்தை கேளுங்கள். மாணவ நண்பர்களே, உங்கள் ஆசிரியர் வெட்டிய சொல் சரியானதென்று நீங்கள் அறிந்தால், மேசையருகே வந்து சொல்லுங்கள். ‘சரி, சேர்’ என்று திரும்பிவிடாதீர்கள்.

அந்தப் பழைய கட்டுரையின் ஓரத்தில் எமது சிவப்பு எழுத்து இன்னும் இருக்கிறது. அதனை அழிக்கவில்லை. அதன் கீழே, ‘நாட்டாமை: சரியான சொல். ஆசிரியரின் பிழை’ என்று எழுதி, திகதியிட்டு, ஒப்பமிட்டுக் கொடுத்தோம்.