ஒன்றும் நடக்காத நாள்

சட்டசபை என்றால் ஜனங்களுக்கு நினைவு வருவது அமளிதான். 1989 மார்ச் 25 பற்றி எத்தனை பேர் எத்தனை விதமாக எழுதிவிட்டார்கள்! நான் நிருபராகக் கோட்டைக்குப் போக ஆரம்பித்தது அதற்கு வெகுநாள் கழித்து. எனக்கு வாய்த்ததெல்லாம் பெரும்பாலும் ஒன்றும் நடக்காத நாட்கள். வயதாக ஆக, மனசு போய் உட்கார்ந்துகொள்வது அந்த நாட்களில்தான்.

நான் சொல்வது 1996-இல் அமைந்த பேரவை. தி.மு.க.வுக்கு 173, த.மா.கா.வுக்கு 39. எதிர்க்கட்சித் தலைவர் சோ. பாலகிருஷ்ணனே தோழமைக் கட்சிக்காரர். அ.தி.மு.க.வுக்கு நாலே இடம். சண்டைக்கு ஆள் இல்லாத சபை. பேரவைத் தலைவர் பி.டி.ஆர். பழனிவேல்ராஜன் உட்காரும் நாற்காலி 1922-இல் வில்லிங்டன் பிரபு தம்பதி கொடுத்தது. அதில் உட்கார்ந்து அவர் ஒரு குறளைச் சொல்லிப் பொருளும் சொல்வார். ஆதித்தனார் தலைவராக இருந்தபோது வந்த வழக்கம் என்று மூத்த நிருபர்கள் சொல்வார்கள்.

சில நாட்களில் அடுத்தது இரங்கற் குறிப்பு. இன்ன தொகுதியிலிருந்து இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை உறுப்பினராக இருந்தவர் மறைந்தார் என்று நாலு வரி. அவ்வளவுதான். எல்லோரும் எழுந்து நிற்பார்கள். அந்தப் பெயரைக் கேட்டு முகம் மாறுகிறவர்கள் முன்வரிசையில் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள்.

பிறகு கேள்வி நேரம். நான் அதிகம் ரசித்தது அதைத்தான். அச்சடித்த வினாத்தாளில் இப்படி இருக்கும்: 'இன்ன ஊருக்கும் இன்ன ஊருக்கும் இடையே ஆற்றின் குறுக்கே பாலம் கட்டும் உத்தேசம் அரசுக்கு உண்டா, உண்டெனில் எப்போது, இல்லையெனில் ஏன்?' அமைச்சர் எழுந்து, "அ: இல்லை. ஆ: இவ்வினா எழவில்லை. இ: நிதி நிலைமை" என்று சொல்லிவிட்டு உட்காருவார். அச்சில் பார்த்தால் அதோடு முடிந்தது. துணைக்கேள்வியில்தான் ஊரே உள்ளே வரும்.

டெல்டாப் பக்கத்து உறுப்பினர் ஒருவர். எழுதி வைத்த தாளைப் பார்த்துப் படிக்க ஆரம்பித்தவர், பாதியில் அதை மடித்துப் பையில் போட்டார். "தண்ணி வந்தா பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க புத்தகப் பையைத் தலையில வச்சுக்கிட்டு ஆத்தக் கடக்குதுங்க. சுத்திப்போனா பதினோரு கிலோமீட்டர். அமைச்சர் அவர்கள் ஒருநாள் எங்கூட வரணும்" என்றார். "கேள்வியாகக் கேளுங்கள்" என்றார் தலைவர். "வருவாரான்னு கேக்குறேன்" என்றார் இவர். சபை சிரித்தது. அடுத்த நொடி இருபது கைகள் உயர்ந்தன. எல்லாம் 'அதேபோல் எங்கள் தொகுதியில்' கைகள். துரைமுருகன் பொதுப்பணித் துறைக்குப் பதில் சொல்ல எழுந்தாலும் இப்படித்தான், நிதி இல்லை என்பதையே கேட்டவரும் சேர்ந்து சிரிக்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போவார்.

உறுப்பினர்கள் அழைத்துவந்த ஊர்க்காரர்கள் பார்வையாளர் மாடத்தில் இருப்பார்கள். அங்கே கால்மேல் கால் போடக்கூடாது. சட்டையை முழங்கை வரை மடித்துவிட்ட பெரியவர் ஒருவர், தன் எம்.எல்.ஏ. எழுந்ததும் மெய்மறந்து கால்மேல் கால் போட்டுக்கொண்டார். காவலர் வந்து முழங்காலைத் தட்டினார். பெரியவர் பதறிக் காலை இறக்கி, அவரைப் பார்த்து ஒரு கும்பிடும் போட்டார்.

கீழே மேசையில் சுருக்கெழுத்துக்காரர்கள். ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே அடுத்தவர் சத்தமில்லாமல் வந்து பக்கத்தில் உட்கார்ந்து எழுதத் தொடங்குவார். முன்னவர் எழுந்து போவார். நடுவில் ஒரு சொல் சிந்தாது. அவைத்தலைவர் 'நீக்கப்படுகிறது' என்று சொல்லும் சொல்லையும் அவர்கள் கை எழுதித்தான் ஆகவேண்டும். சபையில் எல்லோருடைய பேச்சையும் ஒழுங்காகக் கேட்டவர்கள் அவர்கள் மட்டுமே என்று தோன்றும்.

மானியக் கோரிக்கை ஆரம்பித்தால் கொட்டாவிதான். பல நூறு கோடி ரூபாய்க் கோரிக்கையில் நூறு ரூபாயைக் குறைக்கச் சொல்லி வெட்டுத் தீர்மானம் கொடுப்பார்கள். அந்த நூறு ரூபாயைச் சாக்கிட்டுத்தான் பேச வாய்ப்பு. பத்து நிமிடம் கிடைத்தால் நாலு நிமிடம் கட்சித் தலைவரின் புகழுக்குப் போய்விடும். எந்தக் கட்சி ஆண்டாலும் அந்த வியாதி மாறியதில்லை. அதை நினைத்து நான் ஏங்கவும் இல்லை. மீதி ஆறு நிமிடத்தில் மணியடிக்க மணியடிக்க மூச்சுவிடாமல் கால்நடை மருத்துவமனை, ரேஷன் கடை, மின்மாற்றி எல்லாம் வந்து விழும். சாப்பாட்டு நேரம் நெருங்க நெருங்க இருக்கைகள் காலியாகும். 235 பேர் கொண்ட சபைக்கு 24 பேர் இருந்தாலே போதும். கடைசியில் 'ஆம் என்போர் ஆம் என்க', இருக்கிறவர்கள் 'ஆம்' என்பார்கள், கோரிக்கை நிறைவேறிவிடும்.

பிறகு என்னென்னவோ ஆயிற்று. 2010-இல் ஓமந்தூரார் தோட்டத்துப் புதுக் கட்டடத்துக்குப் போனார்கள், அடுத்த வருஷமே கோட்டைக்குத் திரும்பினார்கள். அந்தக் கட்டடம் ஆஸ்பத்திரியாகிவிட்டது. ஜெயலலிதா காலத்தில் 110-ஆவது விதியின்கீழ் அறிவிப்பாக வந்து குவிந்தது. அந்த விதியில் அறிக்கை படித்தால் விவாதம் கிடையாது. அங்கேதான் எனக்கு முதன்முதலில் மனசு சுருங்கியது. கொரோனா வந்து சபை கலைவாணர் அரங்கத்துக்குப் போனது. 2021 ஆகஸ்டில் காகிதமில்லா பட்ஜெட். 2022 ஜனவரியில் கேள்வி நேரம் நேரலையில். யாரும் பார்க்கலாம் என்பது நல்லதுதான். ஆனால் கேமராவைப் பார்த்துப் பேசுகிறவர் தாளை மடித்துப் பையில் போடுவதில்லை.

எங்கள் காலத்தில் சபை முடிந்ததும் போனுக்கு ஓடவேண்டும். மறுமுனையில் தலைமை உதவியாசிரியர்.

"என்னப்பா, இன்னிக்கு என்ன?"

"பெருசா ஒண்ணும் இல்ல சார். மானியக் கோரிக்கைதான்."

"வெளிநடப்பு?"

"இல்ல சார். ஒரு பாலம் பத்தி நல்லா பேசினாங்க. புள்ளைங்க ஆத்தக் கடக்கறது..."

"பாலம் வருதா?"

"பரிசீலிக்கறோம்னாங்க சார்."

"அப்ப ரெண்டு பத்தி போதும். மாவட்டப் பக்கத்துக்குக் கொடு."