பழைய ஃப்ளாட்டும் எட்டுக் கையெழுத்தும்

சென்னையில் பழைய ஃப்ளாட் விற்கிறவர்கள் முதல் வேலையாகப் பெயின்ட் அடித்துவிடுவார்கள். மேற்கு மாம்பலத்திலோ நங்கநல்லூரிலோ முப்பது வருஷத்துக் கட்டடத்தின் இரண்டாவது மாடிக் கதவைத் திறந்ததுமே அந்த வாசனை மூக்கில் ஏறும். "வீடு பளிச்சுன்னு இருக்கு பாருங்க சார்" என்பார் புரோக்கர். பளிச்சென்றுதான் இருக்கும். விவரம் தெரிந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு ஒரு மாடி இறங்கி, கீழ்வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். "மாமி, உங்க பாத்ரூம் சீலிங்கை ஒரு தடவை பார்த்துக்கலாமா?" மேல்வீட்டுக் குழாய் கசிந்தால் அது மேல்வீட்டில் தெரியாது. கீழ்வீட்டுக் கூரையில்தான் பூச்சு உப்பி, உப்புப் பூத்து, துருக்கறையோடு தெரியும். கூரையைக் காட்டும்போதே மாமி பல வருஷத்துக் கதையையும் சொல்லுவார். நின்று கேட்பது நல்லது. விற்பவர் விட்டுவிட்ட பாதி அதில் இருக்கும்.

இத்தனை இருந்தும் பழைய ஃப்ளாட்டுக்கு ஆள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். காரணம், மண். பத்திரத்தில் 'பிரிபடாத பாகம்' என்று எழுதி, பேச்சில் யு.டி.எஸ். என்கிறார்களே, அதுதான்.

கணக்குப் போட்டால் விஷயம் புரியும். இரண்டு கிரவுண்டு மனை என்றால் 4,800 சதுர அடி. மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்பதுதான் எஃப்.எஸ்.ஐ. அந்தக் காலத்து விதிப்படி அது 1.5; அதாவது 7,200 சதுர அடி கட்டலாம். வீடு ஒன்று 900 சதுர அடி வீதம் எட்டு வீடு. ஒவ்வொன்றுக்கும் 600 சதுர அடி மண் சேரும். இன்று 3.25 எஃப்.எஸ்.ஐ.யில் எழும்பும் உயர்மாடிக் குடியிருப்பில் அதே 900 சதுர அடி வீட்டுக்குக் கிடைப்பது சுமார் 277 சதுர அடி. கட்டடம் வருஷத்துக்கு வருஷம் தேயும், மண் தேயாது. ஆகவே பழைய வீட்டின் விலையைக் கட்டடத்தின் சதுர அடியால் மட்டும் வகுத்துப் பார்ப்பது பாதிக் கணக்கு.

வீடும் மோசமில்லை. அன்றைக்கு 900 சதுர அடி என்றால் சுவரும் படிக்கட்டில் ஒரு பங்கும் போக மற்றதெல்லாம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. இப்போதைய 'சூப்பர் பில்ட்-அப்'பில் லாபி, கிளப் ஹவுஸ், ஜிம் எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. பழைய வீடுகள் பலவற்றில் ஹாலில் எதிரெதிரே ஜன்னல், அடுக்களையை ஒட்டித் துணி உலர்த்த ஓர் இடம், அண்டா குண்டானைத் தூக்கிப் போட லாஃப்ட், கோடையிலும் பாதத்துக்குக் குளிர்ச்சியாக மொசைக் தரை. மார்க்கெட்டும் கோயிலும் பஸ் ஸ்டாண்டும் நடக்கிற தூரத்தில். ஒப்பந்தத்தில் போட்ட தேதி தாண்டியும் சாவி வராமல், வாடகையும் தவணையும் சேர்த்துக் கட்டும் அவஸ்தை இதில் கிடையாது.

வரியில் ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுத்துக்கொள்கிறார்கள். கட்டி முடிக்காத ஃப்ளாட்டுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, பழைய வீட்டுக்கு இல்லை. ஆனால் 2023 டிசம்பரில் தமிழக அரசு, புது ஃப்ளாட்டின் முதல் விற்பனைக்கு மட்டும் முத்திரைத் தீர்வையை 50 லட்சம் வரை 4 சதவீதமாகவும், 3 கோடி வரை 5 சதவீதமாகவும் குறைத்தது. பழைய வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம்.

அறுபது லட்ச ரூபாய் வீடு என்றால் பதிவுக்கே 5,40,000. ரிசர்வ் வங்கி விதிப்படி 30 முதல் 75 லட்சம் வரையிலான கடனில் வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சம், 48 லட்சம். கையிலிருந்து 17,40,000 எடுத்து வைக்க வேண்டும். வங்கி அனுப்பும் இன்ஜினியர் கட்டடத்தின் வயதைப் பார்த்து 52 லட்சம்தான் பெறும் என்று எழுதிவிட்டால் கடன் 41,60,000ஆகச் சுருங்கும். கைக்காசு அந்த அளவுக்கு ஏறும். இதற்கு மேல்தான் வயரிங், குழாய், பாத்ரூம் தளம். எர்த் இல்லாத பழைய வயரிங்கில் இரண்டு ஏ.சி.யும் ஒரு கீஸரும் ஓட்டுவது ஆபத்து. துருப்பிடித்த ஜி.ஐ. குழாய்களையும் ஒட்டுப் போட்டுக்கொண்டே காலம் தள்ள முடியாது.

கட்டடத்தின் வயதை வைத்து மட்டும் பயப்படுவதோ தைரியப்படுவதோ சரியல்ல. 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் இடிந்து 61 உயிர்களைக் குடித்த பதினோரு மாடிக் கட்டடத்தில் ஒருவரும் குடியேறியிருக்கவில்லை, கட்டிக்கொண்டிருந்தார்கள். 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் விழுந்த அரசுக் குடியிருப்புக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. விரிசலைக் கண்டு குடியிருந்தவர்கள் முன்கூட்டியே வெளியேறியதால் அங்கே உயிர்ச்சேதம் இல்லை. பார்க்க வேண்டியது கம்பியை. ஈரம் புகுந்து கம்பி துருவேறினால் பருத்து, சுற்றியுள்ள கான்கிரீட்டை உள்ளிருந்தே நெம்பி உதிர்க்கும். பெசன்ட் நகர், திருவான்மியூர் போலக் கடல்காற்று அடிக்கும் இடங்களில் இது சீக்கிரமே வரும். மாடிப்படியின் அடிப்பக்கம், சன்ஷேடு, பால்கனி விளிம்பு, தரைத்தளத் தூண்கள் இவற்றில் பெயின்டை மீறி அது தெரிந்துவிடும். பூச்சில் மயிரிழை விரிசல் என்றால் கொத்தனார் போதும். தூணிலோ பீமிலோ கம்பி நீளத்துக்கு விரிசல் ஓடினால், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வந்து பார்க்காமல் அட்வான்ஸ் கொடுப்பது புத்திசாலித்தனம் இல்லை.

பழைய கட்டடத்துக்குச் சாட்சிகள் உண்டு என்பது பெரிய சௌகரியம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது, 2023 மிக்ஜாம் புயலில் எத்தனை நாள் கரண்ட் இல்லை, சித்திரை வைகாசியில் போர்வெல் என்ன ஆகும், எல்லாவற்றையும் தெருமுனை இஸ்திரிக்காரர் சொல்லிவிடுவார். புது வீட்டுக்கு இப்படிச் சொல்ல ஆளில்லை. பிரசுரத்தில் நீச்சல் குளத்தின் படம்தான் இருக்கும்.

லிஃப்ட் இருக்காது. கார் நிறுத்த இடம் இருந்தால் அதிர்ஷ்டம். அதுவும் பத்திரத்தில் எழுதியிருக்கிறதா, வாய்ப்பேச்சா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மொட்டை மாடியில் பின்னால் எழுப்பிய வீடு மலிவாக வந்தால் சி.எம்.டி.ஏ. அனுமதி வரைபடத்தைக் கேட்க வேண்டும். வரைபடத்தில் அந்தத் தளமே இல்லாமல் இருக்கலாம்.

இனி, விற்பவர்கள் கடைசியாக எடுத்து விடும் வாக்கியம்: "பில்டர்ஸ் பேசிட்டிருக்காங்க சார், சீக்கிரமே இடிச்சுக் கட்டப் போறாங்க." வெறும் கதை என்று தள்ளிவிட முடியாது. 2019 விதிகள் எஃப்.எஸ்.ஐ.யை 2 ஆக்கியதால் அதே 4,800 சதுர அடி மனையில் இப்போது 9,600 கட்டலாம். கூடுதலாகக் கிடைக்கும் 2,400 சதுர அடியை விற்றுத்தான் பில்டர் தன் செலவையும் லாபத்தையும் எடுக்க வேண்டும். தெரு அகலமாக இருந்தால் காசு கட்டி இன்னும் கொஞ்சம் எஃப்.எஸ்.ஐ. வாங்கலாம். குறுகலான சந்தில் இந்தக் கணக்கு உதைக்கும். பில்டர் வந்து பார்த்து, காபி குடித்துவிட்டுப் போய்விடுவார்.

கணக்கு ஒத்து வந்தாலும் கையெழுத்து ஒத்து வர வேண்டும். எட்டு வீட்டில் ஒருவர் அமெரிக்காவில், ஒருவர் காலமாகி வாரிசுகள் கோர்ட்டில், ஒருவருக்குத் தென்கிழக்கு மூலையை விட மனசில்லை. 2022இல் இயற்றி 2024இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் இசைந்தால் போதும். இருந்தாலும் சம்மதிக்காத அண்டைவீட்டாரை வைத்துக்கொண்டு கட்டடத்தை இடிப்பது எளிதில் நடக்கிற காரியமல்ல. சம்ப் கழுவ ஆளுக்கு இருநூறு ரூபாய் வசூலிக்க முடியாத சங்கம் கட்டடத்தை இடிக்க ஒன்றுகூடும் என்று நம்பிப் பணம் போடுவது அசட்டுத் துணிச்சல்.

ஆகையால் மூலப்பத்திரம், முப்பது வருஷ வில்லங்கச் சான்று, சொத்துவரி ரசீது ஆகியவற்றோடு சங்கத்தின் மினிட்ஸ் நோட்டையும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். மோட்டார் ரிப்பேர் எத்தனை கூட்டங்களுக்குத் தள்ளிப்போனது, மெயின்டனன்ஸ் பாக்கி யார் யாருக்கு என்பதெல்லாம் அதில் கிடைக்கும். அப்படி ஒரு நோட்டே கிடையாது என்றால், கேட்ட விலையிலிருந்து இன்னும் கொஞ்சம் இறங்கிப் பேசலாம்.